ஜாடிக்குள் பெரியம்மா

லமாய் ஊமை என்றுதான் பாங்லேன் ஊர்ச் சந்தையில் பலரும் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மீன்காரியிடம் வந்து நிற்பாள், மீனை விரலால் காட்டுவாள், பையை நீட்டுவாள், இரண்டு கையையும் கூப்பித் தலையைக் குனிவாள், போய்விடுவாள். ஒருநாள் மீன்காரியின் முதுகுக்குப் பின்னால் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள் சரிவதைப் பார்த்து "தள்ளிப் போ!" என்று கத்தினாள். வண்டி விழுந்த சத்தத்தைவிட அந்தக் குரலைக் கேட்டுத்தான் மீன்காரி அதிகம் மிரண்டுபோனாள்.

பள்ளிக்கூடத்தை அவள் விட்டதும் இந்த வெளிவராத குரலால்தான். நாலாம் வகுப்பில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். எழுத்தெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது, வாய்தான் திறக்கவில்லை. நின்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாளும் நின்றாள். அதற்கடுத்த நாள் பள்ளிக்கூடம் போகும் வழியில் கால்வாய் ஓரமாக உட்கார்ந்து, தாமரைத் தண்டுகளைச் சுற்றி ஓடும் மீன்குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். வீட்டில் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. வயலுக்கு இன்னும் இரண்டு கை தேவையாக இருந்தது.

வாய் செய்யாத வேலையைக் கண் செய்தது. வாசலில் செருப்புகள் கிடக்கிற விதத்தைப் பார்த்தே உள்ளே சிரிப்பா சண்டையா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். மழை வருமா என்று மற்றவர்கள் வானத்தைப் பார்க்கும்போது அவள் எறும்பைப் பார்ப்பாள். தெரிந்ததை யாரிடமும் சொன்னதில்லை.

ஜே ஹுவேயின் ஆர்க்கிட் தோட்டத்துக்கு அவள் வேலைக்கு வந்தபோது சிறுபெண். ஜே ஹுவே அப்போதுதான் அப்பாவிடமிருந்து தோட்டத்தை எடுத்து நடத்தத் தொடங்கியிருந்தாள். அவளுடையது சீனவழிக் குடும்பம். அக்காவை ஜே என்பார்கள். வேலை செய்பவர்களுக்கும் அவள் ஜேதான்.

"இந்தப் பொண்ணு பேசுமா?" என்று ஜே கேட்டாள்.

"பேசாது. வேலை செய்யும்" என்றார் கூட்டி வந்த மாமா.

"அப்ப நல்லதாப் போச்சு. இங்க பேசறதுக்கு நான் ஒருத்தியே போதும்."

அன்று காலையே ஒரு ஹோஸ் குழாயை அவள் கையில் கொடுத்தார்கள். தலைக்குமேல் நிழல்வலை போட்ட நீளமான பந்தல். கீழே வரப்புகளுக்கு நடுவில் கால்வாய்த் தண்ணீர். கம்பிகளில் வரிசை வரிசையாக வாண்டா என்ற ஆர்க்கிட் வகைச் செடிகள் தொங்கின. சட்டி இல்லை, மண் இல்லை, ஒரு கரித்துண்டுகூட இல்லை. நாலு மரச்சட்டத்தில் ஒரு சின்னக் கூடை, அதில் செடி. வேர்கள் கூடைக்கு வெளியே, அவிழ்த்துவிட்ட நரைமுடி போல ஆள் உயரத்துக்கு வெறும் காற்றில் இறங்கியிருந்தன.

வயலில் பிறந்தவளுக்கு அது பொறுக்கவில்லை. வேர் என்றால் மறைந்திருக்க வேண்டியது. இவற்றை யாரோ பிடுங்கிக் காயப்போட்டிருக்கிறார்கள், செத்ததற்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே குழாயைத் திருப்பினாள். சாரல் பட்டது. முதலில் ஒன்றுமில்லை. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்தது. இன்னொரு முறை காட்டினாள். அப்போது அந்த வெள்ளைக்குள்ளிருந்து பச்சை வந்தது. மேலே தொடங்கி, யாரோ உள்ளே விளக்கோடு இறங்கி வருவதுபோல, நுனிவரை ஓடி வந்தது. செத்தது என்று நினைத்த வேர் முழுக்க முழுக்க உயிராக நின்றது.

லமாய் குழாயை நிறுத்த மறந்துவிட்டாள். கால்வாய்க்குள் தண்ணீர் கொட்டிக்கொண்டேயிருந்தது.

"வெள்ளைன்னா தாகம். பச்சைன்னா போதும்" என்று பின்னாலிருந்து ஜே ஹுவே சொன்னாள். "இங்க அவ்வளவுதான் படிப்பு. வாயைத் திறக்கவே வேண்டாம்."

அப்படியே வருடங்கள் போயின. தினமும் சூரியன் பந்தலைத் தொடுவதற்கு முன்னால் அவள் குழாயோடு ஒருமுறை நடப்பாள். அது வேர்களை எழுப்புவதற்கு. திரும்பி இன்னொரு முறை நடப்பாள். அது குடிக்கக் கொடுப்பதற்கு. இரண்டாவது நடையில் வரிசை முழுக்க வெள்ளை பச்சையாகிக்கொண்டே கூட வரும். எத்தனையோ ஆயிரம் காலை பார்த்தும் அவளுக்கு அது பழகவில்லை. கோயிலுக்குள் நுழையும்போது குனிகிற மாதிரி, பந்தலுக்குள் நுழையும்போதும் கொஞ்சம் குனிவாள். நிழல்வலை தலையில் இடிக்கும் என்று குனிகிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

முதல் வரிசையின் தொடக்கத்தில், தோட்டத்துக் காவல் தெய்வத்தின் குட்டி வீட்டுக்கு அருகே, எல்லாவற்றிலும் மூத்த செடி தொங்கியது. ஜே ஹுவேயின் அப்பா இளவயதில் வடக்கு மலையிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டு வந்தது. அடித்தண்டு இலையெல்லாம் உதிர்ந்து கட்டையாகியிருந்தது. மேலே வாள் வாளாக இலைகள். மழை ஓயும் காலத்தில் பூக்கும். விடிந்தும் விடியாத வானத்தின் நிறம், அதில் யாரோ ஊசியால் கோடு கோடாக இழுத்தது போன்ற கட்டம். தோட்டத்தில் உள்ள நீலம் எல்லாம் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். வேலைக்காரர்கள் அதைப் பெரியம்மா என்றார்கள். பந்தலில் யாராவது வாய்தவறிக் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டால், "பெரியம்மா காதுல விழுது" என்று அடக்குவார்கள்.

லமாய்க்குக் கல்யாணமும் ஆனது. தவின் லிகே நாடகக் குழுவில் தாளம் அடிப்பவன். வறண்ட மாதங்களில் கோயில் கோயிலாகத் திருவிழாக்களுக்குப் போய்விடுவான். மழை பிடித்து நாடகம் ஓய்ந்ததும் வீட்டுக்கு வருவான். வந்தால் வாய் ஓயாது. ராஜகுமாரனாக வேஷம் கட்டியவனுக்கு மேடையில் வயிற்றுப்போக்கு வந்த கதையை நடித்தே காட்டுவான். அவள் சோற்றை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். வருடத்துக்கு வேண்டிய பேச்சு முழுவதையும் அவள் வீடு மழைக்காலத்தில் கேட்டு முடித்துவிடும். பிள்ளை இல்லை. அதைப்பற்றி இருவரும் பேசியதில்லை.

ஒரு வருடம் சோங்க்ரான் புத்தாண்டு வந்தது.

வெயில் உச்சத்தில் இருக்கும் மாதம். ஊரே தெருவில் நின்று ஒருவர்மேல் ஒருவர் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும், கன்னத்தில் கற்பூரம் கலந்த வெண்மண் குழம்பு பூசும். பெரியவர்களின் கையில் மட்டும் யாரும் வாளியால் ஊற்றமாட்டார்கள். மல்லிகை போட்ட வாசனைத் தண்ணீரைக் கிண்ணத்தில் எடுத்து, மெல்ல ஊற்றி வாழ்த்துக் கேட்பார்கள். லமாய்க்கு இந்த நாட்கள் என்றாலே பயம். தெரியாதவர்கள் வந்து கன்னத்தைத் தொடுவார்கள். அதனால் பந்தலுக்குள் போய் நின்றுகொள்வாள். ஒவ்வொரு வருடமும் கிண்ணத்தில் மல்லிகைத் தண்ணீர் எடுத்து, யாரும் பார்க்காதபோது பெரியம்மாவின் வேர்களில் ஊற்றுவாள். கை இல்லாதவளுக்கு வேர்தானே கை.

அந்த வருடம் மி சோன் பார்த்துவிட்டாள். மி சோன் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த மோன் இனத்துப் பெண், தோட்டத்திலேயே பெரிய வாயாடி.

"அடியம்மா! ஊருக்கு ஒளிஞ்சுக்கிட்டு, அக்கா இங்க தனியா புத்தாண்டு கொண்டாடுறா! ஜே, இங்க வந்து பாருங்க!"

ஜே ஹுவே வந்தாள். தலையிலிருந்து கால்வரை நனைந்து, இரண்டு கன்னத்திலும் வெண்மண்ணோடு. கையில் குழம்புக் கிண்ணம். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் நாலைந்து பேர் அவளுக்குப் பின்னால்.

"தண்ணி ஊத்தினே. சரி. மண்ணு பூசலையே?" என்றாள் ஜே.

லமாய் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"இந்தத் தோட்டத்துல எனக்கே மண்ணு பூசியாச்சு, என்னைவிடப் பெரியவளைச் சும்மா விடுறதா?" ஜே கிண்ணத்தில் கையை விட்டு, பெரியம்மாவின் வேர்களை மேலிருந்து கீழாகப் பாசத்தோடு தடவினாள். "அப்பா கொண்டு வந்த மகாராணி. நல்லா இரு. நிறைய பூ குடு."

அதற்குப் பிறகு மி சோன் பூசினாள். "பெரியம்மா, எனக்கு ஒரு நல்ல மாப்பிள்ளை. பல்லு எல்லாம் இருக்கணும், அது போதும்." பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வரிசையில் நின்று பூசினார்கள். லமாயின் கையிலும் குழம்பைத் திணித்தார்கள். பூசும்போது அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. இவ்வளவு நாளும் தான் ஒளித்து வைத்திருந்த மரியாதையை எல்லோரும் சேர்ந்து செய்கிறார்களே என்று. கூட்டம் அந்த வரிசையில் மற்றச் செடிகளுக்கும் ஆளுக்கொரு கோடு இழுத்துவிட்டு, மாம்பழமும் ஒட்டரிசிச் சோறும் தின்னப் போனது. மற்றவற்றுக்குக் கோடு, பெரியம்மாவுக்குப் பூச்சுமேல் பூச்சு. அனல்காற்றில் அது அன்றைக்கே காய்ந்து இறுகியது.

மறுநாள் காலை லமாய் குழாயோடு நடந்தாள். வரிசை முழுக்கப் பச்சை ஓடியது. மற்றச் செடிகளில் இருந்த கோடுகள் சாரலில் கரைந்து போயின. பெரியம்மா வெள்ளையாகவே நின்றாள்.

வெயில்தான் காரணம் என்று நினைத்தாள் லமாய். இவ்வளவு வெயிலை யாரும் பார்த்ததில்லை. வயதானவளுக்குத் தாகம் அதிகம். இரண்டாம் முறை காட்டினாள், மூன்றாம் முறை காட்டினாள். மண் மேலாகக் கொஞ்சம் கரைந்து சொட்டியது. அதை அவள் பார்த்தாள். எல்லாம் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டாள். போகவில்லை. மாவைவிட மெல்லிய அந்த மண் வேரின் பஞ்சுத்தோலுக்குள் இறங்கி அடைத்துக்கொண்டிருந்தது. தோலுக்கு உள்ளே ஈரம் காயாமல் தங்கியது. வெளியே வெள்ளை, மண்ணின் வெள்ளை. லமாய் அதைத் தாகத்தின் வெள்ளை என்று படித்தாள். மத்தியானமும் வந்து ஊற்றினாள். சாயங்காலமும் ஊற்றினாள். சாயங்காலத்துக்குள் வேர் காய்ந்திருக்க வேண்டும் என்பதை மற்றவர்களுக்குச் செய்து காட்டியவளே அவள்தான்.

"அக்கா, பெரியம்மாவைக் குளிப்பாட்டுறியா, மூழ்கடிக்கிறியா?" என்றாள் மி சோன். எல்லாவற்றையும் கேலியாகவே சொல்பவள். லமாய் காதில் வாங்கவில்லை.

பிறகு ஒரு காலை, கிட்டே போனபோது வாடை அடித்தது. நனைந்த அட்டைப்பெட்டி மூலையில் கிடந்து புளித்த வாடை. லமாய் ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தாள். தோல், சட்டைக்கை கழல்வது மாதிரி, அப்படியே கழன்று அவள் கையோடு வந்தது. உள்ளே நூல் போல ஒரு நரம்பு மட்டும் ஆடியது. இன்னொன்றை இழுத்தாள். அதுவும் வந்தது. விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள். அழுகல் வாடைக்கு அடியில் கற்பூரமும் மல்லிகையும் மணத்தன. புத்தாண்டின் மணம்.

வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். தான் நம்பியது இரண்டு நிறத்தை. அந்த இரண்டில் ஒன்று பொய் சொல்லிவிட்டது. அவளிடம் கண்ணைத் தவிர வேறு என்ன இருந்தது?

ஜே ஹுவே வந்து பார்த்தாள். தானும் இழுத்துப் பார்த்தாள். கையோடு வந்த தோலை விரல்களுக்கு நடுவில் தேய்த்தாள், வெண்மண் ஒட்டியது.

"நான்தான் முதல்ல பூசினேன்" என்றாள் கடைசியில். "அப்பா இருந்தா என் கன்னத்துல பூசியிருப்பார், வேற மாதிரி."

"கழுவிடலாமா ஜே?" என்று மி சோன் கேட்டாள். அவளுக்கும் குரல் இறங்கியிருந்தது.

"எதைக் கழுவறது? வேர் ஒண்ணுகூட இல்லை. அழுகலை வரிசையில வச்சிருந்தா பக்கத்துல இருக்கறதெல்லாம் போயிடும். இறக்கிடுங்க. கால்வாய்க்கரைக் குப்பையில போடாதீங்க. வாழை மரத்தடியில, தனியா." அவள் திரும்பி நடந்தாள்.

"எனக்குக் குடுங்க."

ஜே நின்றாள். மி சோன் சுற்றும் முற்றும் பார்த்தாள், பேசியது யார் என்று.

"எனக்குக் குடுங்க, ஜே" என்றாள் லமாய். எத்தனையோ வருடத்தில் அவள் அந்த வீட்டில் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல்முறை. கூலி உயர்வுகூடக் கேட்டதில்லை.

"எடுத்துக்கோ. ஆனா செத்துப்போச்சுன்னு எங்கிட்ட வந்து அழக்கூடாது."

"அழமாட்டேன். ஹோஸை மி சோன்கிட்ட குடுங்க. எனக்கு இப்ப கண்ணு சரியில்லை."

கண் நன்றாகத்தான் இருந்தது. அவள் என்ன சொல்கிறாள் என்பது ஜே ஹுவேக்குப் புரிந்தது. தலையாட்டினாள்.

வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரியம்மாவை மடியில் வைத்து லமாய் வேர்களை ஒவ்வொன்றாக வெட்டினாள். அழுகிய அடித்தண்டையும் நல்ல கட்டை தெரிகிறவரை அரிந்தாள். ஆள் உயரத்துக்கு இறங்கியிருந்தவள் முழங்கை நீளத்துக்கு வந்துவிட்டாள். வெட்டின வாயில் வைக்க மி சோன் வெற்றிலைக்குப் போடுகிற சிவப்புச் சுண்ணாம்பைக் கொண்டு வந்தாள்.

"இன்னொரு தடவை பூசறதா?" என்றாள் லமாய்.

"இது மரியாதைக்கு இல்லைக்கா. மருந்துக்கு."

லமாய் காயத்தின்மேல் மட்டும், விரல் நுனியால் தொட்டு வைத்தாள்.

வேர் இல்லாத செடிக்குத் தண்ணீர் கொடுப்பது எப்படி? இலைமேல் ஊற்றினால் குருத்து அழுகும். விட்டால் காயும். லமாய்க்கு ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. தோட்டத்தில் கழித்துப்போட்ட ஒரு செடித்துண்டு, அவள் வீட்டுக் கொல்லையில் நாவல்மரக் கிளையிடுக்கில் எப்படியோ மாட்டிக்கொண்டு கிடந்தது. அதற்கு நேர் கீழே மழைநீர் பிடிக்கிற பெரிய மண்ஜாடி, டிராகன் படம் போட்டது. குப்பையில் கிடந்த துண்டுகள் எல்லாம் காய்ந்து போக, அது மட்டும் காயாமல் இருந்தது. அவள் அதைப் பார்த்திருந்தாள். பார்த்ததை எங்கேயோ போட்டு வைத்திருந்தாள்.

ஜாடியில் பாதிக்குக் கீழே தண்ணீர் வைத்தாள். வாயின் குறுக்கே ஒரு மூங்கிலைப் போட்டு, அதில் பெரியம்மாவைக் கட்டி உள்ளே இறக்கினாள், தண்ணீரைத் தொடாமல். தண்ணீர் வெயிலில் மூச்சு விடும். அந்த மூச்சில் அவள் இருக்கட்டும். வாயை ஈரச்சாக்கால் பாதி மூடினாள். அதற்குமேல் செய்ய வேலை இல்லை.

அந்த வேலையில்லாமைதான் கஷ்டமாக இருந்தது. காலையில் எழுந்ததும் கை குழாயைத் தேடும். ஜாடியருகே போய், சாக்கை விலக்கி, இலைகளைப் பார்ப்பாள். இலைகளில் சுருக்கம் விழுந்தது. கீழ் இலை மஞ்சளாகி, தொட்டதும் உதிர்ந்தது. அடுத்ததும் உதிர்ந்தது. கிண்ணத்தில் தண்ணீரை மொண்டு கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். ஊற்றினால்? ஒரே ஒரு கிண்ணம்? பிறகு அந்தத் தண்ணீரைத் திரும்ப ஜாடிக்குள் விட்டுவிடுவாள். அன்பாக ஊற்றியதும் அன்பாகப் பூசியதும்தானே பெரியம்மாவை இங்கே கொண்டு வந்தது.

மி சோன் தினமும் வேலை முடிந்து அந்த வழியாக வருவாள்.

"என்னக்கா, கடுகுக்கீரை ஊறுகாயா போட்டிருக்க? எப்ப திறக்கலாம்? கஞ்சிக்குத் தொட்டுக்க நல்லா இருக்கும்."

"போடி."

"பேச ஆரம்பிச்சுட்டியே! பெரியம்மா வேரை இழந்து உனக்கு வாயைக் குடுத்திருக்கா." சொல்லிவிட்டு அவளும் ஜாடிக்குள் எட்டிப் பார்ப்பாள். பார்த்துவிட்டுச் சிரிப்பில்லாமல் போவாள்.

மழை பிடித்தது. உள்ளே மழைநீர் விழாமலிருக்க லமாய் ஜாடிக்குமேல் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தாள். தவின் தாளத்தையும் துணிமூட்டையையும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். கொல்லையில் கை கழுவப் போனவன் ஜாடியைத் திறந்து பார்த்துவிட்டு அலறினான்.

"லமாய்! ஜாடிக்குள்ள யாரோ தூக்குப் போட்டுக்கிட்டிருக்காங்க!"

அவள் கதையைச் சொன்னாள். அவர்களுடைய கல்யாண வாழ்க்கையில் அவள் பேச அவன் கேட்டது அன்றுதான். இடையில் பலமுறை வாயைத் திறந்தான், அவள் இன்னும் முடிக்கவில்லை என்று கண்டு மூடிக்கொண்டான். முடித்த பிறகு, "மூணே இலைதான் மிச்சம் இருக்கு" என்றான் மெதுவாக.

"தெரியும்."

"பாடைக்குப் பக்கத்துல உக்கார்ந்திருக்கற மாதிரி உக்கார்ந்திருக்கே. கஞ்சி குடிச்சியா?"

அவன் பழக்கமில்லாத கையால் கஞ்சி வைத்தான். மீன் சாறு அதிகமாகி, உப்புக் கரித்தது. அவள் குடித்தாள்.

அதற்குப் பிறகு பெய்த மழைகளை லமாய் எண்ணவில்லை. ஒருநாள் காலை மழை விட்டு வெளிச்சம் வந்தது. சாக்கை விலக்கினாள். கீழ் இலையின் அடியில், கட்டையாகிப் பழுப்பேறிப்போன தண்டில் ஒரு கீறல் இருந்தது. நேற்று அது இல்லை. தண்டு வெடிக்கிறது, முடிந்தது என்று நினைத்தாள். கன்னத்தை மூங்கிலில் வைத்துக் குனிந்து பார்த்தாள்.

கீறலுக்குள் பச்சையாக ஏதோ பளபளத்தது. கடுகளவு. அதன் நுனியில் லேசாக ஊதா பூத்திருந்தது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள், மூச்சுப் பட்டால் போய்விடும் என்பது போல. அந்தக் கட்டைக்கு உள்ளே இத்தனை காலமும் இது எங்கே இருந்தது? வேர் எல்லாம் போய், இலை உதிர்ந்து, தண்ணீர் ஒரு சொட்டும் தொடாமல், வெறும் ஈரக்காற்றை உண்டு, அது தன் மரத்தையே உள்ளிருந்து பிளந்துகொண்டு வந்திருந்தது. பல வருடங்களுக்கு முன் வெள்ளைக்குள் பச்சை இறங்கியதைப் பார்த்த அந்தச் சிறுபெண் திரும்பவும் அங்கே நின்றாள். அன்றைக்காவது கையில் குழாய் இருந்தது, தான் எதையோ செய்தோம் என்று சொல்லிக்கொள்ள இடம் இருந்தது. இன்று அதுவும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுவது என்று தெரியாமல் ஜாடியைப் பார்த்தே கைகூப்பினாள்.

யாரிடமும் சொல்லவில்லை. அது விரல் நீளம் வளர்கிறவரை சாக்கை மூடியே வைத்தாள். நுனி பச்சையாகவே போக, பின்னால் வந்த பகுதி மெல்ல மெல்ல வெள்ளித் தோல் போர்த்திக்கொண்டது. தானாகப் போர்த்தியது, சுத்தமான வெள்ளை. அதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கீறல் விழுந்தது. அப்போதுதான் தவினை அனுப்பி ஜே ஹுவேயையும் மி சோனையும் கூப்பிட்டாள்.

ஜே ஹுவே படகில் வந்து இறங்கினாள், வரும்போதே திட்டிக்கொண்டு. "வேலை நேரத்துல கூப்பிட்டு விடுறா. இந்த மி சோன்கிட்ட ஹோஸைக் குடுத்ததுல இருந்து செடி எல்லாம் ஜலதோஷம் பிடிச்சு நிக்குது. என்ன, போயிடுச்சா? அழமாட்டேன்னு சொல்லியிருக்கே, ஞாபகம் வச்சுக்கோ."

லமாய் மூங்கிலைத் தூக்கிப் பெரியம்மாவை வெளியே எடுத்தாள். இரண்டே இலைகள். வெட்டுப்பட்ட கட்டை. அதிலிருந்து காற்றுக்குள் நீண்ட ஒரு வெள்ளை வேர்.

ஜே ஹுவே திட்டுவதை நிறுத்தினாள்.

லமாய் கிண்ணத்தில் ஜாடித் தண்ணீரை மொண்டாள். வெறும் தண்ணீர், பூக்கூடப் போடவில்லை. வேரின் வெள்ளையை விரலால் தொட்டுப் பார்த்தாள். இப்போதெல்லாம் அவள் கண்ணை மட்டும் நம்புவதில்லை. விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. உலர்ந்து, லேசாக, பட்டுப்போல இருந்தது. இது தாகம்தான். விரல் நுனியில் ஒரு சொட்டை எடுத்து மேலே விட்டாள். உருண்டு விழுந்தது. காத்திருந்தாள். இன்னொரு சொட்டு விட்டாள்.

பச்சை இறங்கியது. மேலிருந்து நுனிவரை, அவசரமே இல்லாமல்.

மி சோன் வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஜே ஹுவே மண்டியிட்டு உட்கார்ந்து, அப்பாவைக் கும்பிடுகிற மாதிரி நெற்றியருகே கை குவித்தாள். எழுந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலையில வந்து ஹோஸை வாங்கிக்கோ" என்றாள். "பெரியம்மா இங்கயே இருக்கட்டும். குடுத்ததைத் திருப்பிக் கேக்கற வழக்கம் எங்க வீட்டுல இல்லை. பூத்தா மட்டும் சொல்லி அனுப்பு."

"பூக்க ரொம்ப வருஷம் ஆகும், ஜே."

"ஆகட்டுமே. எனக்கு என்ன, நாளைக்கேவா சாவு?"

இருவரும் போன பிறகும் தவின் அங்கேயே நின்றான். தாளம் தட்டிப் பழகிய விரல்கள் தொடையில் அசையாமல் கிடந்தன. அவன் குனிந்து அந்த வேரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை" என்றான், சின்னப்பிள்ளை மாதிரி. "இன்னொரு சொட்டு விடு, பாக்கறேன்."

லமாய் கிண்ணத்தில் மிச்சம் இருந்த தண்ணீரைப் பார்த்தாள். பச்சையாக நின்ற வேரைப் பார்த்தாள்.

"வேண்டாம்" என்றாள். "அது குடிச்சிடுச்சு."

தண்ணீரை ஜாடிக்குள் விட்டுவிட்டு, பெரியம்மாவை அதற்குமேல் மெல்ல இறக்கினாள்.